அண்ணன் கனடாவிலிருந்து ஹாக்கி பேன்ட் வாங்கி வருகிறார், என்ன அளவு சொல்வது?

வாசகியின் கேள்வி: எனக்கு வயது 36. டெல்லி மயூர் விஹாரில் இருக்கிறோம். 2025-இல் நம் பெண்கள் அணி ஆசியக் கோப்பை ஐஸ் ஹாக்கியில் வெண்கலம் வென்ற செய்தியைப் படித்த பிறகுதான் ஆசை வந்தது. இப்போது அலுவலகத் தோழிகளும் அவர்கள் வீட்டுக்காரர்களுமாகச் சேர்ந்து, சனிக்கிழமைகளில் குருகிராம் பனித்தளத்தில் ஆடுகிறோம். உடலால் மோதக் கூடாது என்பது எங்கள் விதி. தம்பியின் கிரிக்கெட் தைப் பேடை (தொடைக் காப்பை) கட்டிக்கொண்டு ஆடுகிறேன். மூன்று வாரத்துக்கு முன் பின்பக்கமாக விழுந்தேன். மெட்ரோவில் உட்கார்ந்து எழும்போது இன்னும் வலிக்கிறது. கனடாவில், டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் இருக்கும் அண்ணன் டிசம்பரில் வருகிறார். ஹாக்கி பேன்ட் வாங்கி வரச் சொல்லலாமா? என் ஜீன்ஸ் அளவு 30, உயரம் 5 அடி 3 அங்குலம். விலை உயர்ந்ததுதான் வேண்டுமா, பழையது போதுமா? ஜனவரியில் லே போய் ஆடும் எண்ணமும் இருக்கிறது.

பதில்: பேன்ட் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அந்த வலி. வால் எலும்பில் அடிபட்டால் சில வாரங்கள் வலிப்பது உண்டு. உட்கார்ந்து எழும்போது சுரீரென்று இழுப்பதும் அதன் குணம்தான். இருந்தாலும் மூன்று வாரம் ஆகிவிட்டதால் எலும்பு மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். கால் மரத்துப்போவது, தொடையின் உள்பக்கம் உணர்வு குறைவது, சிறுநீரை அடக்க முடியாமல் போவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வலி தீரும்வரை பனியில் இறங்காதீர்கள். ஆறாத வால் எலும்பில் மறுபடி விழுந்தால் எந்த பேன்டும் உங்களைக் காப்பாற்றாது.

இனி கேள்விக்கு வருகிறேன். தயங்காமல் வாங்கி வரச் சொல்லுங்கள்.

தைப் பேட் மட்டையாளரின் முன்தொடைக்காகச் செய்த பொருள். பந்து முன்னாலிருந்துதான் வரும் என்ற கணக்கில் செய்தது. பனியில் உங்களுக்கு அடி வருவது பின்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும். மோதல் இல்லாத ஆட்டத்தில் நம்மை அதிகம் அடிப்பது தரைதான். அதற்கு அடுத்தபடி பக்கும் (பந்துக்குப் பதிலாக அடித்து ஆடும் வட்டு) அடுத்தவர் மட்டையும். பக்கின் எடை 156 முதல் 170 கிராம், ஏறக்குறைய நம் ஊர் ஹாக்கிப் பந்தின் எடை. கெட்டி ரப்பரில் செய்தது. தொடையின் பக்கவாட்டில் பட்டால் ஒரு வாரம் கன்றிப்போய்க் கிடக்கும்.

ராணுவப் பணியில் லேயில் இருந்த முதல் குளிர்காலத்தில், உறைந்த குளத்தின் மேல்தான் நான் ஸ்கேட் கட்டப் பழகினேன். பேன்ட் என்று ஒன்று இருப்பதே அப்போது தெரியாது. கம்பளியை நான்காக மடித்துப் பின்பக்கம் செருகி, மேலே பெல்ட்டை இறுக்கிக்கொண்டேன். இரண்டு சுற்று முடிவதற்குள் கம்பளி இடப்பக்கம் நகர்ந்துவிட்டது. நான் விழுந்தது வலப்பக்கம். ஆறு வாரம் ஒருக்களித்துத்தான் தூங்கினேன். நகர்ந்துபோகும் காப்பு எவ்வளவு தடிமனாக இருந்தாலும் பயனில்லை என்பது அன்று உடம்பில் பதிந்தது. இன்று யார் பேன்ட் வாங்கக் கேட்டாலும் நிறுவனத்தின் பெயரையும் விலையையும் பிறகுதான் பார்க்கிறேன். வால் எலும்பு, இரண்டு இடுப்பெலும்பு முனைகள், முழங்காலுக்கு மேலே உள்ள நான்கு விரற்கடை, இந்த இடங்களில் பேட் வந்து உட்காருகிறதா என்பதைத்தான் முதலில் பார்ப்பேன்.

ஹாக்கி பேன்டின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தால் அளவெடுப்பது எளிது. வெளியே நைலான் உறை. தொடையில் நுரைப் பஞ்சும் அதன் மேல் பிளாஸ்டிக் தகடும். இடுப்பின் இரு பக்கமும் தடித்த பேட். பின்னால் வால் எலும்புக்குத் தனிப் பேட். பெல்ட்டுக்கு மேலே முதுகுப் பக்கம் உயர்ந்து நிற்கும் மடல்கள் சிறுநீரகப் பகுதியையும் கீழ் விலாவையும் காக்கின்றன. அதனால்தான் இதை ஜீன்ஸ் போல இடுப்புக்குக் கீழே இறக்கிக் கட்டக் கூடாது. இரண்டு அங்குலம் இறங்கினாலும் வால் எலும்புப் பேட் பிட்டத்தின் சதையில் போய் உட்கார்ந்துவிடும், எலும்பு வெறுமனே நிற்கும். பேன்ட் போட்டும் வால் எலும்பில் அடிபட்டதாக என்னிடம் வருபவர்களில் பலருக்கு நடந்திருப்பது இதுதான்.

ஆகவே 30 என்ற ஜீன்ஸ் எண்ணை மறந்துவிடுங்கள். லேக்குப் போகிறீர்கள் என்பதால், உள்ளே அணியப்போகும் தெர்மலைப் போட்டுக்கொண்டு அளவெடுங்கள். 3,500 மீட்டர் உயரத்தில், திறந்தவெளிப் பனியில், ஜனவரியில் அது இல்லாமல் நிற்க முடியாது. தையல் நாடாவைத் தொப்புளை ஒட்டி, இடுப்பெலும்புக்கு மேலே சுற்றி ஓர் அளவு. பிட்டத்தின் மிக அகன்ற இடத்தில் ஓர் அளவு. தொப்புள் மட்டத்திலிருந்து முழங்கால் சில்லின் நடுவரை நேராக இறக்கி ஓர் அளவு. இந்த மூன்றையும் அண்ணனுக்கு அனுப்புங்கள்.

பெரியவர்களுக்கான அளவில் ஸ்மால், மீடியம் என்று இருக்கும். மீடியம் பொதுவாக 30 முதல் 34 அங்குல இடுப்புக்கு வரும். நிறுவனத்துக்கு நிறுவனம் ஓரிரு அங்குலம் மாறும். சில பேன்டுகளில் 46, 48, 50 என்று அச்சிட்டிருக்கும். அதைப் பார்த்து அண்ணன் மிரள வேண்டாம், அது அங்குலத்தில் இடுப்பளவு அல்ல. பெண்களுக்கென்று வெட்டிய பேன்டும் அங்கே கிடைக்கும். இடுப்பு குறுகியும் பிட்டப் பகுதி அகன்றும் இருக்கும். உங்கள் இடுப்பளவுக்கும் பிட்ட அளவுக்கும் வித்தியாசம் பத்து அங்குலம் அல்லது அதற்கு மேல் வந்தால் அதையே தேடச் சொல்லுங்கள். ஆண்களுக்கான வெட்டில் பிட்டத்துக்குச் சரியாக வருவது இடுப்பில் தொளதொளக்கும், பெல்ட்டை இறுக்கினாலும் ஆட ஆட இறங்கும். சிறுவர்களுக்கான ஜூனியர் பெரிய அளவு உங்களுக்கு இடுப்பில் சேரலாம், விலையும் குறைவு. ஆனாலும் வேண்டாம் என்பேன். அதன் பஞ்சு குழந்தையின் எடைக்காகச் செய்தது, நீளமும் போதாது.

விலை பற்றிக் கேட்டிருந்தீர்கள். உயர்ந்த விலைப் பேன்டுகள் வேகமான பக்கை உடம்பால் தடுக்கிறவர்களுக்கும், தளத்தைச் சுற்றியுள்ள தடுப்புப் பலகையோடு மோதி நசுக்கப்படுகிறவர்களுக்கும் உரியவை. அவற்றில் பஞ்சு அடர்த்தியாக இருக்கும், எடை குறைவு. வாரம் ஒருநாள் மோதலின்றி ஆடும் உங்களுக்கு நடுத்தர விலையே தாராளம். உடம்பை ஒட்டிக்கொள்ளும் இறுக்கமான உள்பேன்டும் உண்டு, மேலே மெல்லிய உறை மாட்டிக்கொள்வார்கள். பேட் சற்றும் நகராது, நல்ல பொருள்தான். அளவு தவறினால் ஒன்றும் செய்ய முடியாது என்பதால், போட்டுப் பார்க்காமல் வாங்கும் உங்களுக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

பழையதைத் தாராளமாக வாங்கலாம். டொராண்டோ பக்கம் பயன்படுத்திய விளையாட்டுப் பொருள்களை விற்கும் கடைகள் நிறைய இருக்கின்றன. ஐஸ் ஹாக்கிச் சாமான்களில் பழையதாக வாங்க ஏற்றதில் பேன்டும் ஒன்று. ஹெல்மெட்டை மட்டும் பழையதாக வாங்கவே வாங்காதீர்கள். உள்ளே எப்போது அடி வாங்கியது என்று பார்த்துத் தெரியாது. வட அமெரிக்க ஹெல்மெட்டில் இருக்கும் எச்.இ.சி.சி. என்ற பாதுகாப்புச் சான்றும் தயாரித்த நாளிலிருந்து ஆறரை ஆண்டுதான் செல்லும்.

அண்ணன் கடையில் இருக்கும்போது வீடியோ அழைப்பில் வரச் சொல்லுங்கள். பேன்டை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, வால் எலும்புப் பேடைக் கட்டைவிரலால் அழுத்தி எடுக்க வேண்டும். பள்ளம் உடனே நிமிர்ந்தால் பஞ்சுக்கு உயிர் இருக்கிறது. பள்ளம் அப்படியே நின்றாலும், காய்ந்த ரொட்டி போல மொறமொறத்தாலும் அடுத்ததைப் பார்க்கலாம். தொடைத் தகட்டை இரண்டு கையாலும் லேசாக வளைத்துப் பார்க்கட்டும். விரிசல் இருந்தால் டக்கென்று ஓர் ஒலி கேட்கும். பேட்கள் தைத்த இடத்திலேயே இருக்கின்றனவா, உறைக்குள் உருண்டு கிடக்கின்றனவா என்றும் தடவிப் பார்க்க வேண்டும். நைலான் கிழிந்திருந்தால் பரவாயில்லை, இங்கே தைத்துக்கொள்ளலாம். பெல்ட்டுக்குப் பக்கத்தில் தோள்பட்டி மாட்டும் பொத்தான் இல்லாமல் வாங்கிவந்த ஒருவருக்கு, டெல்லி முனிர்க்காவில் ஒரு தையல்காரர் கோட்டுப் பொத்தானை இரட்டை நூலில் வைத்துத் தைத்துக் கொடுத்தார். அது இன்னும் அசையவில்லை. அந்தத் தோள்பட்டியை நீங்களும் வாங்கிக்கொள்ளுங்கள். இடுப்பளவு கொஞ்சம் முன்பின் ஆனாலும் பேன்டை இறங்கவிடாமல் பிடித்துக்கொள்ளும்.

பேன்ட் வந்ததும் வீட்டிலேயே ஷின் பேடுடன் (முழங்காலையும் கீழ்க்காலையும் மூடும் காப்பு) போட்டுப் பாருங்கள். பெல்ட்டையும் முன்கயிற்றையும் கட்டிக்கொண்டு, உங்கள் வீட்டுக்காரரையோ தோழியையோ பின்னால் நிற்கவைத்து, பிட்டப் பிளவு தொடங்கும் இடத்தில் விரலால் அழுத்தச் சொல்லுங்கள். விரலுக்கும் எலும்புக்கும் நடுவே பேட் இருக்க வேண்டும். நிற்கும்போது பேன்டின் கீழ்விளிம்பு ஷின் பேடின் முழங்கால் மூடியை ஓரிரண்டு அங்குலம் மூடியிருக்க வேண்டும். பிறகு ஆடும்போது குனிவதுபோல முழங்காலை மடக்கி நில்லுங்கள், ஒரு காலை மண்டியிடுங்கள். அப்போதும் இடைவெளி தெரியக் கூடாது. தெரிந்தால் பேன்ட் குட்டை. அந்த இடைவெளியில்தான் அடுத்தவரின் மட்டை வந்து விழும். இன்னொன்று, இரண்டு தொடைகளுக்கும் நடுவே உள்ள கவட்டுப் பகுதிக்கு இந்தப் பேன்டில் காப்பு கிடையாது. பெண்களுக்கான தனிக் காப்பு இருக்கிறது. விலை அதிகமில்லை, அதையும் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். கிரிக்கெட் ஆடும் ஆண்கள் அந்த இடத்துக்கு வைத்திருக்கும் காப்பு உங்களுக்குப் பொருந்தாது.

டிசம்பர் வரும்வரை என்ன செய்வது? மருத்துவர் சரி என்றால், ஸ்கேட்போர்டு ஆடுகிறவர்கள் அணியும் பேட் வைத்த உள்காற்சட்டை ஒன்றை வாங்கிப் பக் இல்லாமல் பயிற்சி மட்டும் செய்யுங்கள். தரையில் விழுவதற்கு அது தாங்கும், பக்குக்குப் போதாது. பக்கவாட்டில், முழங்காலை மடக்கி, தாடையை மார்போடு சேர்த்து விழப் பழகவும் இதுதான் நேரம்.

டெல்லிக் குளிர்காலத்தில் இந்தப் பேன்ட் எளிதில் காயாது. ஆட்டம் முடிந்து பையிலேயே விட்டால் இரண்டே வாரத்தில் நாறும். வீட்டுக்கு வந்ததும் உள்பக்கம் வெளியே தெரியும்படி மின்விசிறிக்குக் கீழே தொங்கவிடுங்கள். மாதம் ஒருமுறை வாளியில் குளிர்ந்த நீரும் மென்மையான சோப்புத்தூளும் போட்டு அலசினால் போதும். டிரையரிலோ ஹீட்டரின் முன்னாலோ காய வைத்தால் பஞ்சு பாழாகும்.

அண்ணனிடம் சொல்ல வேண்டியது இன்னும் ஒன்று. பேன்ட் கனமில்லை, இடத்தைத்தான் அடைக்கும். அதன் இரண்டு கால்களுக்குள்ளும் உங்களுக்குக் கொண்டுவரும் துணிகளைத் திணித்தால் பெட்டியில் இடம் மிச்சமாகும். தொடைத் தகடு வளையும்படி மடித்து, மேலே கனமான பொருளை மட்டும் வைக்க வேண்டாம்.