அழுதால் அவிசுவாசமா?
(வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: அம்மா, நாங்கள் கூலிக்கு விசைத்தறி ஓட்டுகிறோம். பாவு நூல் வராமல் தறிகள் பாதி நாள் நிற்கின்றன. குழுக் கடன் தவணை ஏறிக்கொண்டே போகிறது. வசூலுக்கு வருகிறவர் வாசலில் உட்கார்ந்து, அக்கம்பக்கம் கேட்கும்படி பேசுகிறார். ஜெபக்கூட்டத்தில் ஒரு சகோதரி, 'அழுவது அவிசுவாசம்; துதித்தால்தான் ஆண்டவர் கதவைத் திறப்பார்' என்று சொல்லி, தினமும் ஆயிரம் ஸ்தோத்திரம் சொல்லச் சொன்னார். வாய் சொல்கிறது, மனம் ஒட்டவில்லை. எனக்கு விசுவாசம் இல்லையா?
- ஒரு வாசகி, சோமனூர்

பதில்: இருக்கிறது அம்மிணி. இல்லாதவர் இந்தக் கேள்வியையே எழுதமாட்டார். அந்தச் சகோதரி நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனாலும் கடன் சுமையோடு குற்ற உணர்வையும் உங்கள் தலையில் ஏற்றிவிட்டாரே என்று எனக்குக் கோபம் வருகிறது.

வேதாகமத்தில் பாட்டாக அமைந்த ஜெபங்களான சங்கீதங்கள் 150 இருக்கின்றன. அவற்றில் எத்தனையோ அழுகையில் தொடங்குகின்றன. 13ஆம் சங்கீதம் எடுத்த எடுப்பில், எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர் என்று ஆண்டவரிடமே கேட்கிறது. 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிந்துவிடுகிறது. கடைசியில் ஒரு நன்றிகூடக் கிடையாது. இவற்றை யாரும் அவிசுவாசம் என்று நீக்கிவிடவில்லை. இயேசுவே சிலுவையில் 22ஆம் சங்கீதத்தின் முதல் வரியைச் சொல்லித்தான் கதறினார்: ஏன் என்னைக் கைவிட்டீர்?

கடன்காரன் வாசலுக்கு வந்த கதையும் அங்கே உண்டு. இரண்டாம் இராஜாக்கள் 4ஆம் அதிகாரத்தை இன்று இரவு வாசியுங்கள். கணவனை இழந்த ஒருத்தி. அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாக்கிக்கொள்ளக் கடன் கொடுத்தவன் வந்துவிட்டான். அவள் எலிசா தீர்க்கதரிசியிடம் துதிப்பாட்டோடு போகவில்லை, கூக்குரலோடு போனாள். அவர் 'முதலில் அழுகையை நிறுத்து' என்று சொல்லவில்லை. வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டார். ஒரு குடம் எண்ணெய் இருந்தது. முடிவில், எண்ணெயை விற்றுக் கடனை அடைத்துவிட்டு, மீந்ததில் நீயும் பிள்ளைகளும் பிழையுங்கள் என்றார். அவளுடைய கடன் கணக்கு வேத வசனமாகவே நிற்கிறது. உங்கள் தவணைக் கணக்கையும் தொகையோடு ஆண்டவரிடம் சொல்லலாம்.

அப்படியானால் துதி எதற்கு? அப்போஸ்தலர் பவுலும் அவருடைய உடன் ஊழியர் சீலாவும் பிலிப்பி சிறையில் நடுராத்திரியில் பாடியதைத்தான் எல்லாரும் எடுத்துக்காட்டுவார்கள். பாடினார்கள், பூமி அதிர்ந்தது, கதவுகள் திறந்தன என்று. நான் நிறுத்தி நிதானமாக வாசிக்கிற இடம் அதற்கு அடுத்தது. கதவுகள் திறந்த பிறகும் அவர்கள் ஓடவில்லை. 'நாங்கள் எல்லாரும் இங்கேதான் இருக்கிறோம்' என்று சொல்லிச் சிறைக்காவலனைத் தற்கொலையிலிருந்து காப்பாற்றினார்கள். வெளியேறுவதற்காகப் பாடியவர்கள் அப்படி உட்கார்ந்திருப்பார்களா? அடிபட்ட காயங்களைக் கழுவக்கூட ஆளில்லாத அந்த நேரத்திலும் ஆண்டவர் தங்களோடு இருக்கிறார் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால் பாடினார்கள். துதியைக் கதவு திறக்கக் கொடுக்கும் கூலியாக எண்ணினால், கதவு திறக்காத நாளில் ஆண்டவரே நமக்குப் பாக்கி வைத்தவராகிவிடுவார்.

ஈரோட்டில் நான் நர்ஸாக இருந்த காலத்தில், பவானியிலிருந்து ஜமுக்காளம் நெய்யும் ஓர் அம்மாள் மகனோடு வார்டில் இருந்தார். மஞ்சள் காமாலை முற்றிப் பையன் நினைவிழந்து கிடந்தான். இரவு முழுவதும் அவர், ஏன் ஆண்டவரே, ஏன் ஆண்டவரே என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார். விடியற்காலையில் மருந்து கொடுக்கப் போனபோது பையனின் பாதத்தைத் தடவிக்கொண்டு, மெல்லிய குரலில் ஒரு கீர்த்தனை பாடிக்கொண்டிருந்தார். பையன் அப்போதும் கண் திறக்கவில்லை. அழுது தீர்த்த பிறகு அவருக்குள்ளிருந்து தானாக எழுந்த பாட்டு அது. யாரும் எண்ணிக்கை சொல்லி வாங்கியதில்லை.

ஆயிரம் ஸ்தோத்திரத்தைக் கொஞ்ச நாள் விட்டுவிடுங்கள். தறி நிற்கிற நேரத்தில் 13ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள், ஆறே வசனம்தான். இன்னொன்றும் செய்யுங்கள்: ஆயரிடமும் பெண்கள் ஐக்கிய சங்கத்திலும் கடன் தொகையைச் சொல்லுங்கள். ஜெபக் குறிப்பு மட்டும் வாங்கிக்கொண்டு, கையிலிருப்பதைப் பகிராத சபை சபையே அல்ல. வசூலுக்கு வருகிறவர் தகாத வார்த்தை பேசுவதையும், காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் கூப்பிட்டுத் தொல்லை கொடுப்பதையும் நுண்கடன்களுக்கான ரிசர்வ் வங்கியின் விதிகள் தடை செய்கின்றன. அடுத்த முறை இதை அவர் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். ஐக்கிய சங்கத்திலிருந்து இரண்டு பேரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

கேள்வி: ஒரு கூட்டத்தில் ஜெபித்த பிறகு, சுகமாகிவிட்டது என்று என் வீட்டுக்காரர் இன்சுலின் போடுவதை நிறுத்திவிட்டார். தடுத்தால் நான் விசுவாசத்தைக் கெடுத்தவளாவேனா?
- ஒரு வாசகி, தாராபுரம்

பதில்: தடுங்கள். இந்த இதழை மடித்து வைத்துவிட்டு இன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். இன்சுலினைத் திடீரென்று நிறுத்தினால், சிலருக்கு ஓரிரு நாளிலேயே ரத்தத்தில் அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்தாகும். எசேக்கியா ராஜா வியாதிப்பட்டு ஜெபித்தார், மிகவும் அழுதார். 'உன் கண்ணீரைக் கண்டேன்' என்று கர்த்தர் 15 ஆண்டுகள் கூட்டிக் கொடுத்தார். அதற்குப் பிறகும் அவருடைய பிளவையின்மேல் அத்திப்பழ அடையை வைக்கச் சொன்னார் ஏசாயா தீர்க்கதரிசி. ஜெபத்துக்குப் பதில் வந்த வீட்டிலேயே மருந்தும் இருந்தது என்று உங்கள் வீட்டுக்காரரிடம் வாசித்துக் காட்டுங்கள்.

கேள்வி: பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. சரக்கு அனுப்பும் வாரங்களில் ஞாயிறு விடுமுறை கிடையாது. தங்கும் அறையில் எட்டுப் பேர் இருக்கிறோம். முழங்கால் போட இடமில்லை. ஊரில் அப்பா படுத்த படுக்கை. எப்படி ஜெபிப்பது?
- ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: தம்பி, நெகேமியாவும் வேலைக்காரர்தான், ராஜாவுக்குப் பானம் பரிமாறுகிறவர். எருசலேம் இடிந்து கிடக்கிற துக்கத்தில் அவர் முகம் வாடியிருந்தது. உனக்கு என்ன வேண்டும் என்று ராஜா கேட்கிறார். அந்தக் கேள்விக்கும் தன் பதிலுக்கும் இடையில் நின்றபடியே ஜெபித்துவிடுகிறார் நெகேமியா. அங்கே அவருக்கு மட்டும் இடமா இருந்தது? செக்கிங் மேசையில் அடுத்த பீஸை எடுப்பதற்குள் அப்பாவின் பெயரைச் சொல்லுங்கள், அது முழு ஜெபம்தான். ஞாயிறு மாலை ஆராதனை எந்தச் சபையில் நடக்கிறது என்று உடன் வேலை செய்கிறவர்களிடம் விசாரியுங்கள். இரவில் அப்பாவுக்குத் தொலைபேசியில் ஒரு பாட்டுப் பாடுங்கள், அவரால் பேச முடியாவிட்டாலும்.