'வை' என்றால் எதை வைப்பது? போட்டி போடும் ஓர் ஆங்கில வினை

(ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய வண்ணாரப்பேட்டையில் சிலருக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில் இருபது வருடம் புரூஃப் பார்த்தவன். போன வாரம் ஒரே ஒரு சொல்லிலேயே வகுப்பு முடிந்துவிட்டது. அன்று கேட்டவற்றையும் பிறகு போனில் வந்தவற்றையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.)

தண்டையார்பேட்டை, போட்டித் தேர்வுக்குப் படிக்கும் தங்கை: அண்ணா, பேப்பரில் 'த்ரீ டீம்ஸ் வை ஃபார் டைட்டில்' என்று ஒரு தலைப்பு. வி, ஐ, ஈ மூன்றே எழுத்து. 'வீ' என்று படிப்பதா, 'வை' என்றா?

'வை'தான்மா. டை, பை மாதிரி. ஒரே பொருளுக்குப் பல பேர் போட்டி போடுவது என்று அர்த்தம். தலைப்பில் இடம் குறைவு, இதற்கு மூன்றே எழுத்து. அதனால்தான் பத்திரிகைக்காரர்களுக்கு இதன்மேல் அவ்வளவு பாசம். நானும் எத்தனையோ முறை இதை நுழைத்து வரியை அடக்கியிருக்கிறேன்.

கொருக்குப்பேட்டைத் தம்பி: 'ஏன்' என்று கேட்கிற 'ஒய்'யும் இதுவும் ஒரே சத்தமா?

நம் வாயில் இரண்டும் ஒன்றாகிவிடும், ஆங்கிலத்தில் வேறு. 'வை'க்கு மேல் பல் கீழ் உதட்டைத் தொட வேண்டும். 'ஒய்'க்குப் பல்லுக்கு வேலையே இல்லை, விசில் அடிக்கப் போவதுபோல் உதட்டைக் குவித்தால் போதும். கண்ணாடி முன்னால் நின்று பத்து தடவை சொல்லிப் பாருங்கள். வீட்டில் சிரிப்பார்கள், பரவாயில்லை.

காசிமேடு, வலை பின்னும் அண்ணன்: நாங்க 'பந்தயம் வை', 'காசு வை' என்கிறோமே, வெள்ளைக்காரன் அதைத்தான் எடுத்துக்கிட்டானா?

அண்ணே, அன்றைக்கு வந்ததிலேயே நல்ல கேள்வி இதுதான். எடுத்துக்கொள்ளவில்லை, சத்தம் ஒன்றானது தற்செயல். ஆனால் அர்த்தம் ஆச்சரியமாகப் பொருந்துகிறது. இந்தச் சொல் ஆங்கிலத்துக்கு வந்தது 16ஆம் நூற்றாண்டில், அதுவும் சீட்டாட்டத்தின் வழியாக. கையில் இருக்கும் சீட்டை நம்பி 'இவ்வளவு கட்டுகிறேன்' என்று பணம் வைப்பதுதான் அப்போது 'வை'. எதிராளி அதற்குமேல் ஏற்றி வைத்தால் 'ரீவை'. நான் பத்து, நீ இருபது என்று மாறி மாறி ஏற்றிக்கொண்டே போவதிலிருந்துதான் 'ஒருவரை ஒருவர் மிஞ்சப் பார்ப்பது' என்ற இன்றைய அர்த்தம் வந்தது. சூதாட்டம் உதிர்ந்துவிட்டது, மிஞ்சும் ஆசை மட்டும் தங்கிவிட்டது.

இன்னும் பின்னால் போனால் 'வா, ஆடலாம்' என்று சவாலுக்குக் கூப்பிடும் பழைய பிரெஞ்சுச் சொல், அதற்கும் முன்னால் 'அழைப்பது' என்ற லத்தீன் சொல். ஆக, கல்யாணப் பத்திரிகையில் வரும் 'இன்வைட்'டும் இதுவும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். பொறாமையைக் குறிக்கும் 'என்வி' இந்தக் குடும்பமில்லை. கேட்க ஒன்றுபோல இருப்பதால் பலர் சேர்த்துவிடுகிறார்கள்.

அதே தங்கை: 'ஐஎன்ஜி' சேர்த்தால் எப்படி எழுதுவது?

'வையிங்' என்பதை வி, ஒய், ஐ, என், ஜி என்று எழுத வேண்டும். 'ஐஈ' இரண்டும் போய் 'ஒய்' வரும். டை, லை மாதிரி வினைகளுக்கும் இதே கதைதான். இறந்த காலத்துக்கு ஒரு 'டி' சேர்த்தால் முடிந்தது: 'வைட்'.

புதுவண்ணாரப்பேட்டை, கேரம் கிளப் தம்பி: சார், 'வி ஆர் வையிங் தி கப்' என்று எழுதினேன். தப்பு என்று அடித்துவிட்டீர்கள்.

கோப்பையை நேராகப் பிடிக்க முடியாது, நடுவில் 'ஃபார்' வேண்டும். யாரோடு என்பதற்கு 'வித்', எதற்காக என்பதற்கு 'ஃபார்', என்ன செய்ய என்பதற்கு 'டு'. 'தி பிரதர்ஸ் வைட் வித் ஈச் அதர் ஃபார் தி விண்டோ சீட்.' 'ஷாப்ஸ் ஆர் வையிங் டு அட்ராக்ட் கஸ்டமர்ஸ்.' இந்த மூன்றும் கைக்கு வந்தால் போதும்.

அதே தம்பி: அப்போ 'கம்பீட்' எதற்கு?

ஒரு பந்தயத்தில் கலந்துகொள்வதற்குக் 'கம்பீட் இன்'. நம் வடசென்னைப் பெண் காசிமா 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார். அங்கே 'ஷி கம்பீட்டட் இன் தி வேர்ல்ட் கப்' என்றுதான் வர வேண்டும். 'வைட் இன்' என்றால் காதில் இடறும். 'ஷி வைட் ஃபார் தி டைட்டில்' என்றால் சரி. ஒன்று கலந்துகொண்டதைச் சொல்கிறது, மற்றது எதன்மேல் கண் என்று சொல்கிறது.

இன்னொன்று, 'ஈடு கொடுக்க முடியவில்லை' என்பதற்கும் 'கம்பீட்'தான். ஆன்லைன் விலையோடு எம்.சி. ரோடு ஜவுளிக்கடை 'காண்ட் கம்பீட்'. அங்கே 'வை' வராது. ஆனால் அம்மாவின் கவனத்துக்குப் பிள்ளைகள் அடித்துக்கொள்வது, கட்சிக்குள் பதவிக்கு முட்டி மோதுவது, இதெல்லாம் 'வை'க்குச் சொந்த ஊர் மாதிரி.

'கம்பீட்'டை லத்தீனில் பிரித்தால் 'கூட' என்பதும் 'தேடு, கேள்' என்பதும் வரும். அந்தக் 'கேள்' தான் நாம் தாலுகா ஆபீசில் நீட்டும் 'பெட்டிஷன்'. ஒரே வீட்டுமனைக்கு நாற்பது பேர் மனுவோடு நிற்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ராயபுரம், பூத் வேலை பார்க்கும் அக்கா: தேர்தலில் நிற்பதற்கு 'வை' சொல்லலாமா?

சீட்டுக்காகக் கட்சிக்குள் மோதும்போது சொல்லலாம், அக்கா. மனுத் தாக்கல் செய்து நின்றுவிட்டால் 'கன்டெஸ்ட்'. ஆர்.கே. நகரில் 2017 டிசம்பர் இடைத்தேர்தலில் 59 பேர் 'கன்டெஸ்டட்'. இதற்கு 'ஃபார்' வேண்டாம், 'கன்டெஸ்ட் தி எலெக்‌ஷன்' என்றாலே போதும். வினையாக வந்தால் பின்பாதியை அழுத்த வேண்டும், பெயராக வந்தால் முன்பாதியை. இங்கிலாந்தில் தேர்தலில் 'நிற்பார்கள்', அமெரிக்காவில் 'ஓடுவார்கள்'. நம் பத்திரிகைகளில் எல்லா வேட்பாளரும் 'இன் தி ஃப்ரே'. அந்த 'ஃப்ரே' என்றால் கைகலப்பு, அது பொருத்தமா இல்லையா என்று நான் சொல்ல மாட்டேன்.

வியாசர்பாடி அம்மா ஒருவர்: 'ரைவல்' என்று என் பையன் சொல்கிறானே?

போட்டியாளர் என்று அர்த்தம். இதன் மூலம் உங்களுக்கு உடனே பிடிபடும், அம்மா. லத்தீனில் ஓடைக்கு ஒரு சொல் உண்டு, ஒரே ஓடையில் தண்ணீர் எடுப்பவர்கள்தான் 'ரைவல்'. தண்ணீர் லாரி வந்ததும் குடத்தோடு நின்றவருக்கு இதற்குமேல் விளக்கம் தேவையா? வினையாக வந்தால் 'ஈடாக இருப்பது'. பர்மா நூடுல்ஸான அத்தோவை வைத்துச் சொன்னால்: 'நத்திங் ரைவல்ஸ் பீச் ஸ்டேஷன் அத்தோ.' அது என் கருத்து, மொச்சைக்கொட்டைதான் ருசி என்பவர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.

கொருக்குப்பேட்டைத் தம்பி, மறுபடி: இன்டர்வியூவில் 'ஐ வை வித் மை ஃப்ரெண்ட்ஸ்' என்று அடித்துவிடவா?

வேண்டாம், தம்பி. இது எழுத்துச் சொல், பேச்சில் கொஞ்சம் ஜரிகை வேட்டி மாதிரி இருக்கும். வாயால் 'கம்பீட்' சொல்லுங்கள், பேப்பரில் 'வை' பார்த்தால் புரிந்துகொள்ளுங்கள். தமிழாக்கும்போது மட்டும் எல்லா இடத்திலும் 'போட்டியிடுகின்றனர்' என்று போட்டுவிடாதீர்கள். தேர்தலுக்கு அது சரி. ஜன்னல் சீட்டுக்கு மல்லுக்கட்டுகிறார்கள், பஸ் படிக்கட்டில் முண்டியடிக்கிறார்கள், கடைசி மீன் துண்டுக்கு அடித்துக்கொள்கிறார்கள்.