இரண்டு எலிமென்ட் யாகி ஆன்டெனாவில் எஸ்டபிள்யூஆர் (நிலையலை விகிதம்) 1.2 காட்டுகிறது, ஆனால் முன்னாலும் பின்னாலும் ஒரே அளவில் கேட்கிறதே, ஏன்?

கேள்வியில் கொடுத்திருக்கும் விவரம் இது: 28.4 மெகாஹெர்ட்ஸ், 20 மி.மீ. அலுமினியக் குழாய், இரண்டு எலிமென்ட்டும் 5.03 மீட்டர், இடைவெளி 1.32 மீட்டர், காமா மேட்ச் (ஆன்டெனாவைக் கேபிளின் 50 ஓமுக்குப் பொருத்தும் இணைப்பு). கூடவே, "கேபிள் இணைக்காத குழாயில் மின்னோட்டம் உண்மையிலேயே ஓடுமா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

ஓடும், நிறையவே ஓடும். உங்கள் ஆன்டெனாவில் அது தேவைக்கு மேலேயே ஓடுகிறது. கோளாறு அதன் கட்டத்தில் (அலைவில் எவ்வளவு முந்துகிறது, பின்தங்குகிறது என்பதில்) இருக்கிறது.

கேபிள் இணைந்த டிரிவன் எலிமென்ட்டின் புலம் பக்கத்துக் குழாயில், அதாவது பின்னால் இருக்கும் ரிஃப்ளெக்டரில், மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. அங்கே எவ்வளவு மின்னோட்டம் ஓடும் என்பதற்குக் கணக்கு எளிது: டிரிவன் மின்னோட்டத்தைப் பரிமாற்று இம்பிடன்ஸால் (ஒரு குழாயின் மின்னோட்டம் மற்றதில் எவ்வளவு மின்னழுத்தத்தைத் தூண்டும் என்ற அளவு) பெருக்கி, ரிஃப்ளெக்டரின் சொந்த இம்பிடன்ஸால் வகுத்து, குறியை மாற்றினால் போதும். அரை அலைக் குழாய்கள் 1/8 அலைநீள இடைவெளியில் (உங்கள் 1.32 மீட்டர் அதுதான்) இருந்தால் பரிமாற்று இம்பிடன்ஸ் ஏறக்குறைய 64 ஓம், ரியாக்டன்ஸ் (கட்டத்தை நகர்த்தும் தடை) பகுதி கிட்டத்தட்ட பூஜ்யம். குழாயின் சொந்த ரெசிஸ்டன்ஸ் 73 ஓம். குழாய் ஒத்ததிர்வு நீளத்தைவிட நீண்டால் அதோடு மின்தூண்டல் ரியாக்டன்ஸ் சேரும், குறுகினால் மின்தேக்கி ரியாக்டன்ஸ் சேரும்.

உங்கள் ரிஃப்ளெக்டர் 5.03 மீட்டர், அதாவது ஏறக்குறைய ஒத்ததிர்வு நீளம். ரியாக்டன்ஸ் பூஜ்யம் என்றால் மின்னோட்ட விகிதம் 64/73, அதாவது 0.88, கட்ட வேறுபாடு சரியாக 180 பாகை. 180 பாகையில் முன், பின் என்ற பேதமே கிடையாது. முன்னே போகும் அலைக்கும் பின்னே போகும் அலைக்கும் கூட்டல் ஒன்றேதான், இரு பக்கமும் சம அளவில் வீசும். ஒற்றை டைபோலைவிட (ஒரே ஒரு அரை அலைக் குழாய்) இரு பக்கமும் பலமாகவே இருப்பதால் ஆன்டெனா ஒழுங்காக வேலை செய்வதாகத்தான் தோன்றும். ஊட்டுப்புள்ளி (கேபிள் இணையும் இடம்) ரெசிஸ்டன்ஸ் சுமார் 17 ஓமுக்கு இறங்கியிருக்கும். அதைக் காமா மேட்ச் 50 ஆக்கிவிட்டதால் மீட்டர் 1.2 காட்டுகிறது. எஸ்டபிள்யூஆர் ஊட்டுப்புள்ளியைப் பற்றி மட்டும்தான் பேசும். திசையைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

பின்பக்கம் முழுதாக அடங்க இரண்டு நிபந்தனைகள் உண்டு. இரு மின்னோட்டங்களும் சம அளவில் இருக்க வேண்டும். ரிஃப்ளெக்டர் மின்னோட்டம் 135 பாகை முந்த வேண்டும் (180-இலிருந்து இடைவெளிக்கான 45 பாகையைக் கழித்தது). 135 கிடைக்க 73 ஓம் மின்தூண்டல் ரியாக்டன்ஸ் வேண்டும். ஆனால் அதே ரியாக்டன்ஸ் மின்னோட்டத்தை 0.62-க்கு இறக்கிவிடும். கட்டத்தைப் பிடித்தால் அளவு போகிறது, அளவைப் பிடித்தால் கட்டம் போகிறது. சாதாரண இரண்டு எலிமென்ட் யாகியின் முன்-பின் விகிதம் 11 டெசிபலை ஒட்டி நின்றுவிடுவதற்குக் காரணம் இதுதான். மாக்ஸன் செவ்வகம் என்ற இரண்டு எலிமென்ட் ஆன்டெனாவில் எலிமென்ட் நுனிகளை மடக்கி எதிரெதிரே வைப்பது, அந்த நுனிப் பிணைப்பால் ரிஃப்ளெக்டர் மின்னோட்டத்தை உயர்த்தத்தான். எச்பி9சிவி வகை ஆன்டெனாவில் இரண்டு எலிமென்ட்டுக்கும் நேராகவே மின்சக்தி ஊட்டிக் கட்டத்தை அமைக்கிறார்கள். டைரக்டருக்கும் (டிரிவனுக்கு முன்னால் வைக்கும் எலிமென்ட்) இதே கணக்குதான், குறி மட்டும் மாறும்: குட்டையான குழாயின் மின்னோட்டம் பின்தங்கும்.

இனி திருத்தம். 20 மி.மீ. குழாயில் நீளத்தை 1% (5 செ.மீ.) கூட்டினால் ஏறக்குறைய 10 ஓம் ரியாக்டன்ஸ் சேரும். ரிஃப்ளெக்டரின் ஒவ்வொரு நுனியிலும் 12.5 செ.மீ. கூட்டுங்கள், மொத்தம் 5.28 மீட்டர் வரும். ரியாக்டன்ஸ் 50 ஓமை ஒட்டி, விகிதம் 0.72, கட்டம் 146 பாகை, முன்-பின் விகிதம் ஏறக்குறைய 11 டெசிபல், ஊட்டுப்புள்ளி 35 ஓம். டிரிவனில் கூடவே சுமார் 26 ஓம் மின்தூண்டல் ரியாக்டன்ஸ் தெரியும். அதற்கு டிரிவனை மொத்தம் 13 செ.மீ. குறைக்கலாம், அல்லது காமா கெபாசிட்டரில் ஈடு செய்யலாம். காமா மேட்சை எப்படியும் புதிதாகச் சரிசெய்தாக வேண்டும்; பழைய அமைப்பு 17 ஓமுக்குப் போட்டது. இவை எல்லாம் தரைக்கு மேல் நல்ல உயரத்தில் இருக்கும் ஆன்டெனாவுக்கான கணக்கு. இடுப்பு உயரத்தில் வைத்து நீளத்தை முடிவு செய்யாதீர்கள்.

மின்னோட்டத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் ஓர் எளிய உணரி போதும். எஃப்டி240-43 ஃபெரைட் வளையத்தில் எனாமல் கம்பி 10 சுற்று, அதன் குறுக்கே 50 ஓம் கார்பன் ரெசிஸ்டர், பிறகு 1என்5711 டையோடு, 10 நானோஃபாரட் கெபாசிட்டர், 33 கிலோஓம் வழியாக 100 மைக்ரோஆம்பியர் மீட்டர். வளையத்தின் உள்விட்டம் 35 மி.மீ. இருப்பதால் குழாயில் நுனியிலிருந்து நுழைந்து தாராளமாக நகரும். மீட்டரை வளையத்தின் மேலேயே ஒட்டிவிடுங்கள். நீளமான கம்பி இழுத்தால் அந்தக் கம்பியே ஆன்டெனாவின் ஓர் அங்கமாகிவிடும். 5 வாட் போதும்: திருத்தத்துக்குப் பின் டிரிவன் நடுவில் சுமார் 0.38 ஆம்பியர், ரிஃப்ளெக்டர் நடுவில் 0.27 ஆம்பியர் எதிர்பார்க்கலாம். விகிதம்தான் முக்கியம், எனவே இரண்டையும் ஒரே உணரியால் அளந்து ஒப்பிடுங்கள். ஒவ்வொரு முறையும் அனுப்புவதை நிறுத்திவிட்டுத்தான் வளையத்தை நகர்த்த வேண்டும். நடுவில் மின்னோட்டம் உச்சம், நுனியில் மின்னழுத்தம் உச்சம். 100 வாட்டில் நுனியைத் தொட்டால் தோல் கருகும்.

ஒரு எச்சரிக்கை: இந்த உணரி அளவை மட்டும் சொல்லும், கட்டத்தைச் சொல்லாது. உங்கள் இப்போதைய ஆன்டெனாவில் ரிஃப்ளெக்டர் 0.88 காட்டும், திருத்தியதில் 0.72 காட்டும். அதிக மின்னோட்டம்தான் நல்லது என்று நினைத்தால் தவறான பக்கம் இழுத்துக்கொண்டு போவீர்கள். கட்டத்துக்கு இரண்டு உணரியும் (டையோடு இல்லாமல்) இரட்டைச் சேனல் அலைகாட்டியும் வேண்டும், கேபிள்கள் சம நீளத்தில் இருக்க வேண்டும். ஆர்ஜி-58 கேபிளில் 10 செ.மீ. வித்தியாசமே இந்த அலைவரிசையில் 5 பாகைப் பிழை தரும். அதைவிட, 4நெக்2 அல்லது ஈஇசட்நெக் என்ற ஆன்டெனா கணிப்பு நிரலில் உங்கள் அளவுகளைப் போட்டு மின்னோட்ட அட்டவணையைத் திறந்தால் அளவும் கட்டமும் துண்டு துண்டாகத் தெரியும். தடிமன் படிப்படியாகக் குறையும் குழாய் என்றால் வெறும் நெக்-2 (இந்த நிரல்களின் அடிப்படைக் கணிப்பு முறை) தவறும். ஈஇசட்நெக்கில் அதற்குத் திருத்தம் இருக்கிறது.

அதே வளையத்தைக் கேபிளின் மேலும் நுழைத்துப் பாருங்கள். உள்கம்பியின் ஓட்டமும் பின்னலின் உட்பக்க ஓட்டமும் ஒன்றையொன்று அழித்துவிடும். மீட்டர் அசைந்தால் அது பின்னலின் வெளிப்பக்க ஓட்டம். அந்தக் கேபிள் மூன்றாவது எலிமென்ட்டாக வேலை செய்து பின்பக்கத்தை நிரப்பும், டிரிவனின் இரு பாதிகளிலும் அளவு வேறுபடும். ஓரிடத்தில் பூஜ்யம் காட்டினால் நம்பிவிடாமல் ஒன்றிரண்டு மீட்டர் தள்ளியும் அளக்கவும், அங்கேயும் நிலையலைதான். ஊட்டுப்புள்ளியிலேயே இன்னொரு எஃப்டி240-43 வளையத்தில் ஆர்ஜி-58 கேபிளை எட்டு முதல் பத்துச் சுற்று சுற்றினால் அடங்கும்.

ரிஃப்ளெக்டர் நடுவில் ஏறக்குறைய ஒன்றுமே காட்டவில்லை என்றால் முதலில் குழாய் இணைப்புகளைக் கழற்றிப் பாருங்கள். இந்த அதிர்வெண்ணில் மின்னோட்டம் அலுமினியத்தின் மேல்தோலில் 15 மைக்ரான் அளவுக்குள்தான் ஓடுகிறது; ஆக்சைடு படிந்த இணைப்பு குழாயை மின்னியல் ரீதியாக இரண்டாக வெட்டிவிடும்.