அமெரிக்காவிலேயே சுவாரசியமான நகரம் எது? நியூயார்க்கா, லாஸ் வேகஸா, வேறு ஏதாவதா?

என் ஓட்டு நியூ ஆர்லியன்ஸுக்கு. நியூயார்க் இரண்டாவது, சிகாகோ மூன்றாவது. கேள்வியில் இருக்கும் லாஸ் வேகஸ் என் பட்டியலில் இல்லை.

நான் பார்ப்பது ஒன்றுதான். இரவு பத்து மணிக்கு, எதையும் முன்பதிவு செய்யாமல், கார் சாவியையும் எடுக்காமல் கீழே இறங்கினால் அந்த ஊரில் ஏதாவது நடக்குமா? இந்தக் கேள்வியிலேயே அமெரிக்காவின் பாதிக்கு மேற்பட்ட ஊர்கள் அவுட். ஹூஸ்டன் மக்கள்தொகையில் நாட்டின் நாலாவது பெரிய நகரம். வேலை இருக்கிறது, வீடு வாங்கலாம், பியர்லாண்ட் மீனாட்சி கோயில் இருக்கிறது. ஆனால் எங்கே போவதானாலும் முதலில் ஃப்ரீவேயில் ஏறியாக வேண்டும். டல்லாஸும் ஃபீனிக்ஸும் அதே ரகம். லாஸ் ஏஞ்சலஸில் எல்லாமே உண்டு, ஒன்றுக்கொன்று முக்கால் மணி நேரத் தூரத்தில். பாஸ்டன் எனக்குப் பிடித்த ஊர்தான், ஆனால் அது சீக்கிரம் தூங்கப் போகும் ஊர். மாசசூசெட்ஸில் 1984-லிருந்து பார்களில் 'ஹேப்பி அவர்' சலுகைக்கே தடை!

லாஸ் வேகஸில் நடக்கலாம், விடிய விடிய விளக்கு எரியும். பெல்லாஜியோ முன்னால் நீரூற்று ஆடுவதைக் காசில்லாமல் பார்க்கலாம். ஆனால் அங்கே நடப்பதெல்லாம் ஏதோ ஒரு கம்பெனி நமக்காக ஏற்பாடு செய்தது. இன்னொரு வேடிக்கை: எல்லோரும் படம் எடுத்துப் போடும் அந்த 'ஸ்ட்ரிப்' சாலையின் பெரும்பகுதி லாஸ் வேகஸ் மாநகராட்சி எல்லைக்குள்ளேயே வராது. பாரடைஸ் என்ற பகுதியில், கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) நிர்வாகத்தின் கீழ் இருக்கிறது.

சரி, நியூ ஆர்லியன்ஸுக்கு வருவோம். 1718-ல் பிரெஞ்சுக்காரர்கள் நிறுவிய ஊர். நடுவில் ஸ்பானியர் கையில் இருந்தது, 1803-ல்தான் அமெரிக்காவுக்கு வந்தது. ஊரின் பழைய பகுதியை 'பிரெஞ்சு குவார்ட்டர்' என்று சொல்கிறோமே, அங்கே இருந்த பழைய வீடுகளில் பெரும்பாலானவை 1788, 1794 தீவிபத்துகளில் போய்விட்டன. பிறகு எழுந்தவற்றில் பல ஸ்பானியர் காலத்தவை. அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த ஆப்பிரிக்க மக்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் காங்கோ சதுக்கத்தில் கூடி, மேளம் அடித்து ஆடினார்கள். ஜாஸின் வேர்களைத் தேடுபவர்கள் அங்கேதான் போய் நிற்பார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம் இன்னும் சாகவில்லை. கோடை உச்சத்தை விட்டுவிட்டால், பெரும்பாலான ஞாயிறு மதியங்களில் ஏதாவது ஒரு பேட்டையில் 'செகண்ட் லைன்' ஊர்வலம் கிளம்பும். முன்னால் சங்கத்து ஆட்களும் பித்தளை வாத்தியக் குழுவும், பின்னால் சேர்ந்துகொள்ளும் ஊர் ஜனம். பின்னால் வரும் அந்தக் கூட்டம்தான் செகண்ட் லைன். டிக்கெட் கிடையாது, யாரும் தடுக்கமாட்டார்கள், நீங்களும் ஆடலாம். இதை நடத்தும் சங்கங்கள் வெறும் கேளிக்கைக்காக வந்தவை அல்ல. கறுப்பின மக்களுக்கு இன்சூரன்ஸ் எளிதில் கிடைக்காத காலத்தில், உறுப்பினர்களின் மருத்துவச் செலவுக்கும் அடக்கச் செலவுக்கும் உதவிய பரஸ்பர உதவிச் சங்கங்களின் வழிவந்தவை. இறுதி ஊர்வலத்திலும் அதே வாத்தியங்கள்தான். கல்லறைக்குப் போகும்போது மெதுவான துதிப்பாடல், உடலுக்கு விடைகொடுத்த பிறகு ஆட்டம். சாவுக்குப் பறையடித்து ஆடி வழியனுப்பும் ஊரில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பார்கள் நிறைந்த போர்பன் தெருவைப் பார்த்துவிட்டு ஊரையே திட்டுபவர்கள் உண்டு. அந்தத் தெருவை நானும் திட்டுவேன், காலையில் அங்கே மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். கொஞ்ச தூரம் தள்ளி ஃப்ரெஞ்ச்மென் தெருவுக்குப் போங்கள். அடுத்தடுத்த கதவுகளுக்குள் வெவ்வேறு குழுக்கள் வாசித்துக்கொண்டிருக்கும். வாசலில் நின்று கேட்டுவிட்டு நகர்ந்தாலும் யாரும் முறைக்கமாட்டார்கள். அப்புறம் காபி. கஃபே டு மோண்ட் 1862-லிருந்து இருக்கும் கடை, சிக்கரி கலந்த காபிதான் அதன் அடையாளம். அமெரிக்கக் காபியைத் தண்ணீர் என்று சலித்துக்கொள்ளும் நம்மவர்கள் அங்கே கொஞ்சம் சமாதானமாவார்கள்.

குறைகளும் பெரியவைதான். 2005-ல் கத்ரீனா புயல் வந்தபோது ஊரில் ஏறக்குறைய 80 சதவீதம் தண்ணீரில் நின்றது. 2000-ல் நாலே முக்கால் லட்சத்துக்கு மேல் இருந்த மக்கள்தொகை 2010-ல் மூன்றரை லட்சத்துக்கும் கீழே போனது. திரும்பி வர முடியாமல் போனவர்களில் கறுப்பினத்தவரே அதிகம். குற்றங்களும் உண்டு, இரவில் எந்தத் தெரு என்று பார்த்துத்தான் நடக்க வேண்டும். குடியேறச் சொல்வேனா என்றால் யோசிப்பேன். ஆனால் நீங்கள் கேட்டது அது இல்லையே.

நியூயார்க்குக்கு ஏன் முதலிடம் இல்லை என்று சண்டைக்கு வருவார்கள். 472 நிலையங்களோடு இரவு முழுக்க ஓடும் சப்வேக்கு ஈடு அமெரிக்காவில் கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். டைம்ஸ் சதுக்கத்தை விட்டுவிட்டு 7-ஆம் எண் ரயிலில் குயின்ஸ் பக்கம் போங்கள். ஜாக்சன் ஹைட்ஸில் மோமோவும் கொலம்பியச் சோள ரொட்டியான அரேபாவும் பக்கத்துப் பக்கத்துக் கடைகளில் கிடைக்கும். கடைசி நிறுத்தமான ஃப்ளஷிங்கில் இறங்கிச் சற்று நடந்தால் கணபதி கோயில், அதன் கேன்டீனில் தோசை. சுதந்திர தேவி சிலையைப் பார்க்க ஸ்டேட்டன் தீவு ஃபெரி போதும், இலவசம். எல்லாம் சரி, ஆனால் வாடகை அங்கே ஆட்களை ஓட ஓட விரட்டுகிறது. நியூயார்க்கில் எல்லோரும் எங்கோ போகிற வழியில் இருக்கிறார்கள். நியூ ஆர்லியன்ஸில் வாத்தியம் கேட்டால் நின்றுவிடுகிறார்கள்.

சிகாகோ ஜூனில் போனால் முதலிடத்துக்கே போட்டி போடும்: ஏரிக்கரையில் 18 மைல் பாதை, தலைக்கு மேல் ஓடும் ரயில், ப்ளூஸ் கிளப்புகள். பிப்ரவரியில் போய்விட்டு என்னைத் திட்டாதீர்கள். நியூ ஆர்லியன்ஸுக்கு நவம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை போங்கள். அப்போது புழுக்கம் குறைவு, புயல் பயமும் இருக்காது. ஊரின் பெரிய திருவிழாவான மார்டி கிரா சமயம் என்றால் அறை வாடகையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.