டோக்கன் கேட்டா டோக்கன் குடு, அந்த கிளாஸுக்கு அவ்ளோதான் வேலை

வாசகர் கேள்வி பதில்

கேள்வி (திருப்பூர் வாசகர்): அண்ணா, நான் ஒரு சின்ன எக்ஸ்போர்ட் கம்பெனில ஒத்த ஆளா உக்காந்து பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதிட்டு இருக்கேன். பில்லிங்குக்கு ஒரு ஏபிஐ (ரெண்டு சாஃப்ட்வேர் பேசிக்குற வழி), கூரியருக்கு ஒண்ணு, கூகுள் ஷீட்ஸ் ஒண்ணு, மூணுலயும் டோக்கன் (உள்ள விடுறதுக்கான தற்காலிக அனுமதி சீட்டு) வாங்குற கோடை காப்பி பேஸ்ட் பண்ணி வெச்சிருக்கேன். ஒவ்வொரு பில்லா இழுத்துட்டு இருந்தவரைக்கும் ஒழுங்கா ஓடுச்சு, இப்போ ஸ்பீடுக்காக ஏசிங்க்ஐஓக்கு (ஒரே த்ரெட்ல பல வேலையை மாத்தி மாத்தி ஓட்டுற பைத்தான் வசதி) மாத்தி கேதர் போட்டு 200 பில்லை ஒண்ணா இழுக்குறேன், ஒரு மணி நேரம் ஆனா போதும் வரிசையா 401 (டோக்கன் செல்லாதுங்குற பதில்), அதுக்கப்புறம் டோக்கன் குடுக்குற சர்வரும் ரொம்ப தடவை கேக்குறேன்னு கதவை சாத்திடுது. ஒரே கிளாஸா எழுதி மூணு எடத்துலயும் போடுற மாதிரி எப்படி பண்றது?

பதில்: தம்பி, உங்க கோடை பாக்காமலே என்ன நடக்குதுன்னு சொல்லிடலாம். டோக்கன் காலாவதி ஆகுற நேரத்துல 200 டாஸ்க் ஓடிட்டு இருக்கு, ஒவ்வொண்ணும் தனித்தனியா "டோக்கன் செத்துடுச்சு, புதுசு வாங்கணும்"னு முடிவு பண்ணி கெளம்புது, 200 ரெஃப்ரெஷ் ரிக்வெஸ்ட் போய் அந்த சர்வர் மேல விழுது. ஏசிங்க்ஐஓல ஒரே த்ரெட் தானே, ரேஸ் (ஒருத்தரை ஒருத்தர் முந்துறதால வர்ற குழப்பம்) எங்கருந்து வரும்னு நிறைய பேர் கேப்பாங்க. அவெய்ட்னு எழுதுற எடத்துல எல்லாம் உங்க டாஸ்க் ஒதுங்கி நின்னு அடுத்த டாஸ்க்குக்கு வழி விடலாம், டோக்கன் சர்வர்ட்ட இருந்து பதில் வர்ற அரை செகண்டுல மிச்சம் 199 பேரும் உள்ள வந்து அதே காலி டோக்கனை பாத்துட்டு அதே முடிவை எடுத்துடுவாங்க. வீட்டுல பால் இல்லன்னு பாத்துட்டு ஆளாளுக்கு கடைக்கு ஓடி ஆளுக்கொரு பாக்கெட்டோட திரும்பி வர்ற கதைதான்.

இதுக்கு மருந்து ஏசிங்க்ஐஓ லாக், ஒரு நேரத்துல ஒருத்தரை மட்டும் உள்ள விடுற பூட்டு. ஆனா லாக்கை மட்டும் போட்டுட்டு விட்டா பாதி வேலைதான் முடிஞ்சிருக்கும், ஏன்னா அப்பவும் 200 பேரும் கியூல நின்னு ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா 200 டோக்கன் வாங்குவாங்க, மொத்தமா வாங்குனதை வரிசையா வாங்குறோம், வேற ஒண்ணும் மாறல. அதனால ரெண்டு தடவை செக் பண்ணணும். லாக்குக்கு வெளிய ஒரு தடவை பாருங்க, டோக்கன் உசுரோட இருந்தா எடுத்துட்டு போயிட்டே இருங்க, லாக் பக்கமே போக வேணாம். இல்லன்னா லாக் எடுங்க, எடுத்ததும் மறுபடி பாருங்க, நாம கியூல நின்ன நேரத்துல முன்னாடி போனவர் வாங்கி வெச்சிருப்பாரு. அப்பவும் இல்லன்னா மட்டும் சர்வர்ட்ட கேளுங்க. அந்த ரெண்டாவது செக்தான் இந்த கிளாஸோட உயிர், இன்டர்நெட்ல கெடைக்குற ரெடிமேட் கோடு நிறையத்துல அது இருக்காது.

த்ரெடிங் மாட்யூல்ல இருக்குற லாக்கை தப்பித்தவறி கூட இங்க போட்டுடாதீங்க. ஒரு டாஸ்க் அந்த லாக்கை புடிச்சுக்கிட்டு அவெய்ட்ல நிக்கும், இன்னொரு டாஸ்க் வந்து அதே லாக்கை கேட்டா மொத்த த்ரெட்டும் அங்கயே உறைஞ்சுடும், முதல் டாஸ்க் திரும்ப ஓடவே வழி இல்ல, எரர் கூட வராது. அப்புறம் பைத்தான் 3.9 இல்ல அதுக்கும் பழசுல இருந்தீங்கன்னா ஏசிங்க்ஐஓ லாக் உருவாகுற நிமிஷத்துலயே ஒரு ஈவென்ட் லூப்போட (டாஸ்க்குங்களை மாத்தி மாத்தி ஓட்டுற சுழற்சி) ஒட்டிக்கும், கிளாஸோட இனிட்ல லாக்கை உருவாக்கிட்டு அப்புறமா ஏசிங்க்ஐஓ ரன் கூப்பிட்டா வேற லூப்புன்னு சண்டை போடும். 3.10ல இருந்து அந்த தொல்லை இல்ல, முதல் தடவை காத்திருக்க வேண்டி வர்றப்போதான் லூப்போட சேருது.

அடுத்தது நேரம். ஓஆத் 2.0ங்குற டோக்கன் குடுக்குற பொது விதிமுறைல, அதாவது 2012ல வந்த ஆர்எஃப்சி 6749ங்குற இன்டர்நெட் ஆவணத்துல, டோக்கன் எத்தனை செகண்ட் உசுரோட இருக்கும்னு எக்ஸ்பைரஸ் இன்னு ஒரு நம்பர் வரும், பெரும்பாலும் 3600. ஆனா அது கட்டாயம் இல்ல, சர்வர் அனுப்பாமலும் விடலாம், அப்போ உங்க கிளாஸ் கீ எரர் அடிச்சு விழக்கூடாது, ஒரு டீஃபால்ட் வெச்சுக்கணும். அந்த நம்பர்ல ஒரு நிமிஷத்தை கழிச்சுட்டு வெச்சுக்குங்க, அனுப்புறப்போ உசுரோட இருந்து போய் சேர்றப்போ செத்துப்போற டோக்கன்தான் பிடிக்கவே முடியாத பக் குடுக்கும். நேரத்தை டைம் டைம்ல (சாதா கடிகாரம்) பாக்காம டைம் மோனோடோனிக்ல (முன்னாடி மட்டுமே ஓடுற கடிகாரம்) பாருங்க, உங்க மெஷினோட கடிகாரத்தை யாராவது திருத்துனா கூட இது பின்னாடி போகாது. ஒரே ஒரு விஷயம், டோக்கனை ஃபைல்ல சேவ் பண்ணி நாளைக்கு எடுக்குற ஆளா இருந்தா மோனோடோனிக் உதவாது, மெஷினை ரீஸ்டார்ட் பண்ணா அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்ல, அங்க சாதா கடிகாரம்தான்.

கேள்வி (அதே வாசகர்): மூணு ஏபிஐயும் மூணு விதமா டோக்கன் குடுக்குதே அண்ணா, பேஸ் கிளாஸ் ஒண்ணு எழுதி மூணு சப்கிளாஸ் போடவா?

பதில்: போடலாம், தப்பில்ல, ஆனா நான் போட மாட்டேன். மேல சொன்ன லாக், ரெண்டு செக், நேர கணக்கு இது எல்லாமே மூணு ஏபிஐக்கும் ஒண்ணுதான், மாறுறது "டோக்கனை எப்படி வாங்குறது"ங்குற ஒரே ஒரு வேலை. அதை ஒரு ஏசிங்க் ஃபங்ஷனா எழுதி கிளாஸுக்குள்ள அனுப்பிடுங்க. கிளாஸுக்கு பில்லிங்கும் தெரிய வேணாம் கூகுளும் தெரிய வேணாம், அந்த ஃபங்ஷனை கூப்பிட்டா டோக்கனும் எப்போ சாகும்ங்குற நேரமும் ஒரே பொருளா வந்தா போதும். ரெண்டையும் ஒரே டேட்டாகிளாஸ்ல (டேட்டாவை சேத்து வெக்குற கிளாஸ்) வெச்சு ஒரே அடியில மாத்துங்க, தனித்தனி வேரியபிளா வெச்சு நடுவுல ஒரு அவெய்ட் வந்துடுச்சுன்னா பழைய டோக்கனுக்கு புது ஆயுசு எழுதுன கதை ஆயிடும்.

நெஜமாவே ஏபிஐங்க எவ்ளோ வேறுபடுதுன்னு பாருங்க. ஸ்பாட்டிஃபைல கிளையன்ட் ஐடி, சீக்ரெட் ரெண்டையும் நடுவுல முக்காப்புள்ளி வெச்சு சேத்து பேஸ்64ல மாத்தி பேசிக் ஹெடர்ல அனுப்பணும், ஒரு மணி நேர டோக்கன் வரும். கூகுள் சர்வீஸ் அக்கவுண்ட்ல சீக்ரெட்டை அனுப்புறதே இல்ல, ஒரு ஜேடபிள்யூடியை (கையெழுத்து போட்ட சின்ன டேட்டா சீட்டு) நாமளே பிரைவேட் கீ வெச்சு சைன் பண்ணி குடுத்து டோக்கனா மாத்திக்கணும். கிட்ஹப் ஆப்லயும் ஜேடபிள்யூடிதான், அதுக்கு ஆயுசு 10 நிமிஷத்துக்கு மேல வெக்க விடமாட்டான், அதை குடுத்து வாங்குற இன்ஸ்டலேஷன் டோக்கன் ஒரு மணி நேரம் ஓடும், ஆனா பதில்ல செகண்ட் கணக்கு வராது, எக்ஸ்பைரஸ் அட்னு தேதியும் நேரமும் வரும். நம்ம சென்னை கம்பெனி சோஹோல எல்லாம் வழக்கமான ஓஆத்தான், ஆனா ஆத்தரைசேஷன் ஹெடர்ல எல்லாரும் பேரர்னு போடுற எடத்துல அவங்க டாக்குமென்டேஷன் சோஹோ-ஓஆத்டோக்கன்னு போட சொல்லுது, அதோட இந்தியா அக்கவுண்ட்டுக்கு டோக்கன் வாங்குற அட்ரஸோட டொமைனே டாட் இன்ல முடியுது. அதனால ஹெடர் முன்னாடி வர்ற வார்த்தையை கிளாஸுக்குள்ள ஹார்ட்கோட் பண்ணாம வெளியருந்து வாங்கிக்குங்க. வெறும் ஏபிஐ கீ குடுக்குற சர்வீஸா இருந்தாலும் இதே கிளாஸ் ஓடும், அந்த ஃபங்ஷன் எப்பவும் அதே கீயை குடுக்கும், ஆயுசை மேத் இன்ஃப்னு (math.inf, முடிவே இல்லாத எண்) வெச்சுட்டா வேலை முடிஞ்சுது.

ரீட்ரை, பேஜினேஷன், ரேட் லிமிட்னு மத்ததை எல்லாம் இதுக்குள்ள திணிக்காதீங்க. ஆரம்பத்துல வசதியா இருக்கும், ஆறு மாசத்துல அது கிளாஸா இருக்காது, கோடவுனா இருக்கும்.

கேள்வி (சேலம் வாசகி): நேரத்தை சரியா கணக்கு பண்ணியும் சில சமயம் நடுவுல 401 வருது சார். 401 வந்தா டோக்கனை தூக்கி போட்டுட்டு புதுசு வாங்குற மாதிரி எழுதிருக்கேன், அப்படியும் ஒரே சமயத்துல ஏழெட்டு ரெஃப்ரெஷ் போகுது. லாக் இருக்கே, அப்புறம் ஏன்?

பதில்: நல்ல கேள்விம்மா. மொதல்ல 401 ஏன் வருதுன்னா, சர்வர் பக்கம் டோக்கனை கேன்சல் பண்ணிருக்கலாம், இல்ல லேப்டாப்பை மூடி வெச்சு தூங்க விட்டிருப்பீங்க, லினக்ஸ்ல மெஷின் தூங்குற நேரத்தை மோனோடோனிக் கடிகாரம் எண்ணாது, எழுந்ததும் இன்னும் அரை மணி நேரம் இருக்குன்னு அது நம்பிட்டு இருக்கும். அதனால கடிகாரத்தை மட்டும் நம்ப முடியாது, 401ஐ பாக்கவும் தெரியணும்.

இப்போ உங்க ஏழெட்டு ரெஃப்ரெஷ். பழைய டோக்கனோட பத்து ரிக்வெஸ்ட் ஏற்கனவே கெளம்பி போயிடுச்சு. முதல் 401 வந்ததும் ஒரு டாஸ்க் பழசை தூக்கி போட்டுட்டு லாக் எடுத்து புதுசு வாங்கிடுச்சு, எல்லாம் சரி. அப்பதான் ரெண்டாவது ரிக்வெஸ்டோட 401 மெதுவா வந்து சேருது, அந்த டாஸ்க் "401 வந்துடுச்சு, டோக்கனை தூக்கி போடு"ன்னு இப்பதான் வாங்குன புது டோக்கனை தூக்கி குப்பைல போடுது. அடுத்த 401 வந்து அதுக்கடுத்ததை போடுது. லாக் ஒழுங்காதான் வேலை செய்யுது, தூக்கி போடுற ஃபங்ஷன்லதான் ஓட்டை. "டோக்கனை தூக்கி போடு"ன்னு சொல்லாம "இந்த டோக்கன் தோத்துடுச்சு"ன்னு தோத்த டோக்கனையே கையோட குடுங்க, கைவசம் இருக்குறது இன்னும் அதே டோக்கன்தான்னா மட்டும் தூக்கி போடணும், வேற ஒண்ணு வந்துட்டா சும்மா விட்டுடணும். ஒரே ஒரு இஃப்தான், ஆனா இதை எழுதாம விட்ட லைப்ரரிங்களை நான் நிறைய பாத்துருக்கேன்.

எச்டிடிபிஎக்ஸ்ங்குற பைத்தான் லைப்ரரியை யூஸ் பண்றீங்கன்னா இதுக்குன்னே அதுல ஆத்னு ஒரு பேஸ் கிளாஸ் இருக்கு, ஏசிங்க் ஆத் ஃப்ளோங்குற மெத்தடை மட்டும் நாம எழுதுனா போதும். அது ஒரு ஜெனரேட்டர், ரிக்வெஸ்டை ஈல்ட் பண்ணா ரெஸ்பான்ஸ் திரும்பி வரும், 401ஆ இருந்தா டோக்கனை மாத்திட்டு இன்னொரு தடவை ஈல்ட் பண்ணுங்க. ஒரே ஒரு தடவை. வைல் லூப் போட்டுடாதீங்க, சீக்ரெட்டே தப்பா இருந்தா அது விடிய விடிய சுத்தும். 403க்கு ரெஃப்ரெஷ் பண்ணாதீங்க, பொதுவா அது "நீ யாருன்னு தெரியும், ஆனா இதுக்கு உனக்கு அனுமதி இல்ல"ங்குற பதில், புது டோக்கன் வாங்குனாலும் அதே பதில்தான் வரும். டோக்கன் சர்வரே இன்வேலிட் கிராண்ட்னு (நீ குடுத்த அனுமதியே செல்லாதுன்னு) சொல்லிட்டா அங்க ரீட்ரைக்கு வேலையே இல்ல, எக்ஸப்ஷனை கெளப்பி மனுஷனுக்கு மெசேஜ் அனுப்புங்க. கூகுள்ல ஆப்பை டெஸ்டிங் நிலையிலயே விட்டு வெச்சிருந்தா ரெஃப்ரெஷ் டோக்கன் (புது டோக்கன் வாங்குறதுக்கு காட்டுற டோக்கன்) 7 நாள்ல செத்துடும், வாராவாரம் ஒரே கிழமைல ஸ்கிரிப்ட் நிக்குதுன்னா மொதல்ல அங்க போய் பாருங்க.

கேள்வி (மதுரை வாசகர்): யூவிகார்ன்ல (பைத்தான் வெப் சர்வர்) 4 வொர்க்கர் ஓடுது. இந்த லாக் நாலுக்கும் சேத்து வேலை செய்யுமா?

பதில்: செய்யாது. ஒவ்வொரு வொர்க்கரும் தனி புராசஸ், தனி லாக், தனி டோக்கன். ஐடியும் சீக்ரெட்டும் மட்டும் குடுத்து டோக்கன் வாங்குற கிளையன்ட் கிரெடென்ஷியல்ஸ் முறைல பெரும்பாலும் பிரச்சனை இல்ல, நாலு டோக்கன் இருந்துட்டு போகட்டும். ஆனா ரெஃப்ரெஷ் டோக்கனை ஒவ்வொரு தடவையும் மாத்துற சர்வரா இருந்தா உஷார். ஒரு வொர்க்கர் புதுசு வாங்குன உடனே மத்த மூணு பேர் கைல இருக்குறது செல்லாக்காசு, சில சர்வர் பழசை யாராவது நீட்டுனா திருட்டுன்னு நெனச்சு மொத்தத்தையும் கேன்சல் பண்ணிடும். 2025 ஜனவரில வந்த ஆர்எஃப்சி 9700ம் சீக்ரெட் வெச்சுக்க முடியாத கிளையன்ட்டுங்களுக்கு இந்த மாத்துற முறையை ஒரு வழியா சொல்லிருக்கு, அதனால இது குறையப் போறதில்ல. அங்க ரெடிஸ் (பல புராசஸ் பகிர்ந்துக்குற டேட்டா ஸ்டோர்) மாதிரி பொதுவான ஒரு எடத்துல டோக்கனையும் லாக்கையும் வெக்கணும், இல்ல டோக்கன் வாங்குற பொறுப்பை ஒரே ஒரு புராசஸ்ட்ட குடுக்கணும். நான் ரெண்டாவதைத்தான் சொல்லுவேன், ராத்திரி ரெண்டு மணிக்கு லாக் எங்க மாட்டுச்சுன்னு தேடுறது ஈசி.

இதுல இன்னொரு வம்பு இருக்கு. வெயிட் ஃபார்ல டைம்அவுட் வெச்சிருப்பீங்க, ரெஃப்ரெஷ் நடந்துட்டு இருக்குறப்போ அந்த டாஸ்க் கேன்சல் ஆச்சுன்னா லாக் தானா விட்டுடும், அது பரவால்ல, ஆனா சர்வர் அந்நேரம் பழசை கேன்சல் பண்ணி புதுசை அனுப்பிருக்கும், அதை வாங்க ஆளே இல்ல. ரெஃப்ரெஷை தனி டாஸ்க்கா ஓட விட்டு அந்த டாஸ்க்கை கிளாஸ்ல ஒரு வேரியபிள்ல புடிச்சு வெச்சுக்கிட்டு, மத்தவங்க அதை ஏசிங்க்ஐஓ ஷீல்டு (கேன்சலை உள்ள விடாத கவசம்) போட்டு அவெய்ட் பண்ணா இந்த ஆபத்து இல்ல.

கேள்வி (திருநெல்வேலி வாசகர்): டெஸ்ட் எழுதுனேன் சார், லாக்கை எடுத்துட்டு பாத்தாலும் பாஸ் ஆகுது. அப்போ லாக் தேவையே இல்லையா?

பதில்: டெஸ்ட்ல டோக்கன் சர்வருக்கு பதிலா வெச்ச உங்க டம்மி ஃபங்ஷன் உள்ள ஒரு அவெய்ட் கூட இல்லாம நேரா டோக்கனை ரிட்டர்ன் பண்ணிருக்கும். ஏசிங்க்னு எழுதிட்டா மட்டும் டாஸ்க் ஒதுங்காது, உண்மையா எங்கயாவது காத்திருந்தாதான் ஒதுங்கும். டம்மிக்குள்ள ஏசிங்க்ஐஓ ஸ்லீப் ஜீரோன்னு ஒரு வரி போட்டுட்டு கேதர்ல 50 பேரை விடுங்க, டம்மியை எத்தனை தடவை கூப்பிட்டாங்கன்னு எண்ணுங்க. லாக்கோட 1 வரணும், லாக் இல்லாம 50 வரணும். ரெண்டையும் பாத்துட்டுதான் டெஸ்டை நம்பணும்.

கேள்வி (புதுச்சேரி வாசகி): ஸ்கிரிப்ட் நடந்ததை எழுதி வெக்குற லாக் (log) ஃபைல்ல டோக்கன் அப்படியே பிரின்ட் ஆகுது சார், எப்படி நிறுத்துறது?

பதில்: டேட்டாகிளாஸ்தானே? டோக்கன் ஃபீல்டுக்கு ரெப்ர் ஃபால்ஸ்னு (repr=False) போடுங்க, அந்த பொருளை பிரின்ட் பண்றப்போ டோக்கன் வராது. ஏற்கனவே பிரின்ட் ஆன சீக்ரெட் எதாவது இருந்தா இன்னிக்கே மாத்திடுங்க.