நுரையீரல் தமனி உயர் அழுத்தத்தில் நான்கோடிங் ஆர்என்ஏவுக்கு என்ன பங்கு? அதை வைத்து மருந்து வந்துவிட்டதா?

பரீட்சைக்காகக் கேட்கிறவர் "மருந்து வந்துவிட்டதா" என்று சேர்த்துக் கேட்க மாட்டார். உங்கள் வீட்டில் யாருக்கோ இந்த நோய் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது, தூக்கம் வராமல் தேடிக்கொண்டிருக்கிறீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன். நானும் அப்படித்தான் தேடினேன், என் தங்கைக்காக.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜீனிலிருந்து நகலாகி, ஆனால் புரதம் எதையும் உருவாக்காத ஆர்என்ஏவைத்தான் நான்கோடிங் ஆர்என்ஏ என்கிறார்கள். இந்த நோயில் அதற்குப் பங்கு நிச்சயமாக இருக்கிறது. மருந்து இன்னும் வரவில்லை.

நான் டாக்டர் இல்லை. எம்.எஸ்ஸி பயோடெக்னாலஜி படித்துவிட்டுப் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கிறேன். "அரைகுறையாகப் படித்துவிட்டு வைத்தியம் சொல்கிறாள்" என்று கமெண்டில் எழுத வருகிறவர்கள் முழுவதும் படித்துவிட்டு எழுதுங்கள். எந்த மாத்திரை சாப்பிட வேண்டும் என்று நான் யாருக்கும் சொல்லப் போவதில்லை.

எங்கள் வீடு தண்டையார்பேட்டையில் மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. 27 வயதில் தங்கைக்குப் படியேறினால் மூச்சிரைக்க ஆரம்பித்தது. "மணலி புகை, ஹார்பர் லாரி தூசி, இந்தப் பக்கம் இருந்தா அப்படித்தாம்மா" என்று ஒரு கிளினிக்கில் இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார்கள். ஒன்றரை வருஷம் அதை உறிஞ்சினாள். வடசென்னைக்காரர்களுக்கு எந்த மூச்சிரைப்பு வந்தாலும் தூசியின் தலையில் போட்டுவிட்டு அடுத்த பேஷன்ட்டைக் கூப்பிடுகிறார்கள். புகை இல்லை என்று நான் சொல்லவில்லை, மொட்டை மாடியில் காயும் துணியைப் பார்த்தாலே தெரியும். ஆனால் அவள் கால் வீங்கி, ஒருநாள் படியிலேயே மயங்கி விழுந்த பிறகுதான் எக்கோ எடுத்தார்கள். அப்புறம் இதயத்தின் வலது பக்கத்துக்குள் டியூப் விட்டு அழுத்தத்தை அளந்தார்கள். நுரையீரல் தமனியின் சராசரி அழுத்தம் 20 மி.மீ. பாதரசத்தைத் தாண்டினாலே கூடுதல். அவளுக்கு 52.

அந்த டெஸ்டுக்குப் போன காலையில் ரயில் கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி நகரவே இல்லை. 40 நிமிஷம் ஆட்டோவுக்குள் அவள் என் தோளில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். எங்களுக்குப் பின்னால் ஒரு ஆம்புலன்ஸ் கத்திக்கொண்டே நின்றது. நான் ஸ்கூலுக்குப் போன காலத்திலிருந்து மேம்பாலம் வரும் வரும் என்கிறார்கள். உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் அந்தக் காலையை நினைத்தால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

குடும்ப வழியாக வரும் வகையில் பத்தில் ஏழெட்டுப் பேருக்கு பிஎம்பிஆர்2 என்ற ஜீனில் பழுது இருக்கும். தமனிச் சுவர்ச் செல்கள் அளவுமீறிப் பெருகாமல் தடுக்கும் புரதத்துக்கான ஜீன் அது. தங்கைக்கு அந்த ஜீன் சரியாகவே இருந்தது. அம்மா அழுதுகொண்டே கேட்டார்: "ஜீனு நல்லா இருக்குன்னா அப்புறம் ஏன்டி வந்துச்சு? வயித்துல சுமந்தப்போ நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?" அதற்குப் பதில் தேடித்தான் நான்கோடிங் ஆர்என்ஏவுக்கு வந்து சேர்ந்தேன்.

அம்மா டிபன் கடை நடத்துகிறவர். அதை வைத்தே சொன்னேன். ஆர்டரை வாங்கிக்கொண்டு பையன் அடுப்படிக்குப் போகிறான், அது மெசஞ்சர் ஆர்என்ஏ. அடுப்படியில் தயாராவது புரதம். பையனை நடுவில் யாராவது பிடித்து நிறுத்திவிட்டால், ஆர்டரில் ஒரு தப்பும் இல்லாமலே தோசை வராது. அப்படி நிறுத்துகிற ஆள்தான் மைக்ரோஆர்என்ஏ, நான்கோடிங் ஆர்என்ஏவில் ஒரு வகை. சுமார் 22 எழுத்து நீளம், அதிலிருந்து எந்தப் புரதமும் உருவாகாது.

2009இல் சூரிச் ஆய்வாளர்கள் இதைத்தான் காட்டினார்கள். அழற்சியில் சுரக்கும் இன்டர்லூக்கின்-6, ஸ்டாட்3 என்ற புரதத்தைக் கிளப்பிவிட, மிர்-17/92 என்ற மைக்ரோஆர்என்ஏ கூட்டம் பெருகி பிஎம்பிஆர்2 ஆர்டரை நிறுத்துகிறது. ஜீன் கெடாமலேயே அந்தப் புரதம் குறைய இப்படி ஒரு வழி இருக்கிறது. தங்கை உடம்பில் நடந்தது இதுதான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அம்மாவின் அழுகை அன்றைக்கு நின்றது.

நிறுத்த வேண்டிய ஆள் இல்லாமல் போனாலும் கெடுதல்தான். 2011இல் கனடாவின் லவால் பல்கலைக்கழகத்தில், நோயாளிகளின் தமனித் தசைச் செல்களில் மிர்-204 என்ற மைக்ரோஆர்என்ஏ குறைந்திருப்பதைக் கண்டார்கள். அது குறைந்தால் செல்கள் பெருகிக் குழாய்ச் சுவர் தடிக்கிறது. எலிகளின் நுரையீரலுக்கு அதைச் செயற்கையாகக் கொடுத்தபோது நோய் தணிந்தது. நான்கோடிங் ஆர்என்ஏவில் 200 எழுத்துக்கு மேல் நீளமான வகைகளும் உண்டு. வலது இதயம் தளர்வதில் ஹெச்19 என்ற ஒன்றுக்குத் தொடர்பு இருக்கிறது.

பிறகு ஏன் மருந்தாகவில்லை? ஒரு மைக்ரோஆர்என்ஏ ஒரே ஆர்டரோடு நிற்காது, நூற்றுக்கணக்கானவற்றில் கைவைக்கும். நுரையீரலில் மட்டும் அதை மாற்றி, மற்ற உறுப்புகளைத் தொடாமல் விடுவதுதான் கஷ்டம்.

இது தெரியாமல் நானே ஏமாற இருந்தேன். ஒரு லேப் ஆள் 18,000 ரூபாய்க்கு "ஆர்என்ஏ டெஸ்ட்" என்று வந்தார். அடகு வைக்க வளையலை எடுத்துவிட்டேன். எங்கள் டாக்டர் ஒன்றே ஒன்று கேட்டார்: "ரிசல்ட் வந்தா எந்த மாத்திரையை மாத்தப் போறோம்மா?" வளையல் பீரோவுக்கே திரும்பியது.

இன்றைக்கு அவள் நடமாடுவது சில்டெனாஃபில், ஆம்பிரிசென்டான் மாத்திரைகளால்தான். முதல் மாதம் சில்டெனாஃபில் சீட்டை நீட்டியபோது மருந்துக்கடைப் பையன் என்னைப் பார்த்துச் சிரித்து, பக்கத்து ஆளையும் கூப்பிட்டுக் காட்டினான். வயாகரா மாத்திரையில் இருப்பதும் இதே மருந்துதான், அதனால்தான் அந்தச் சிரிப்பு. இந்த நோய்க்கு அந்த மருந்து 2005இலேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அங்கே என்னால் வாய் திறக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து அழுதேன். இப்போது எங்கள் டாக்டர் சீட்டின் மேலேயே "நுரையீரல் அழுத்தத்துக்கு" என்று தமிழில் எழுதித் தருகிறார். நீங்களும் அப்படிக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.