முடங்கல், முடக்கம், முடக்கத்தான்

கேள்வி: மூன்று நாளாக இங்கே கொட்டோ கொட்டென்று பனி. நான் வாசலில் அள்ளி ஒதுக்கியதைவிட அதிகமாக, தெருவில் பனி தள்ளிக்கொண்டு வரும் வண்டி என் வாசலிலேயே கொண்டுவந்து குவித்துவிட்டுப் போகிறது. போதாததற்குக் காய்ச்சல் வேறு. வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடக்கிறேன். பொழுது போக ஒரு வழி சொல்லுங்களேன்?
- வாசகி, ஸ்கார்பரோ, டொராண்டோ

பதில்: காய்ச்சலுக்கு டாக்டர் இருக்கிறார். பனிக்கு உங்கள் மாநகராட்சி இருக்கிறது. 1999 ஜனவரியில் இதே டொராண்டோவில் பனி அள்ளி மாளாமல், அப்போதைய மேயர் மெல் லாஸ்ட்மன் ராணுவத்தையே கூப்பிட்டார். மற்ற கனடாக்காரர்கள் அதைச் சொல்லி உங்கள் ஊரை இன்னும் கேலி செய்வதாகக் கேள்வி. ராணுவத்துக்கே வேலை வைத்த பனியைப் பற்றி, வெயிலில் குடை பிடித்து நடக்கும் நான் என்ன சொல்ல? என் கண் போனது ‘முடங்கி’ என்ற சொல்லின் மேல்.

அதற்கு முன், கும்பகோணம் வாசகர் பேனா மூடியைத் திறப்பதற்குள் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பனி என்றால் புல் நுனியில் நிற்பது. கனடாவில் விழுவதற்கு வேறு சொல் வேண்டும் என்று எட்டு வருஷமாக என்னோடு மல்லுக்கு நிற்கிறார். இதுவரை நான்கு சொற்கள் செய்து அனுப்பியிருக்கிறார். நான்கையும் சொல்லி முடிப்பதற்குள் பனியே உருகிவிடும். புறநானூற்றில் காரிகிழார் இமயமலையைப் ‘பனிபடு நெடுவரை’ என்கிறார் ஐயா. இமயத்தில் படுவது என்ன, புல் நுனித் துளியா? அவர் ஒரு சொல்லில் முடித்த வேலைக்கு நமக்கு எதற்கு நாலு?

சரி, முடக்கத்துக்கு வருகிறேன். காலையில் பேப்பரைப் பிரித்தால் எல்லாம் முடங்கியிருக்கிறது. இணையதளம் முடங்கியது, போக்குவரத்து முடங்கியது, நாடாளுமன்றம் முடங்கியது. வங்கிக் கணக்கைக் கேட்கவே வேண்டாம். 2020இல் நாட்டையே பூட்டியபோது சில பத்திரிகைகள் ‘ஊரடங்கு’ என்று எழுதின, சில ‘பொதுமுடக்கம்’ என்று எழுதின. எங்கள் அலுவலகத்திலும் இரண்டு கட்சி. நான் ஊரடங்குக் கட்சி. ஊரடங்கு என்ற சொல்லில் ராத்திரி ஒன்பது மணியும், கடைசி பஸ் போன தெருவும் இருக்கின்றன. முடக்கத்தில் கையும் காலும்தான் இருக்கின்றன என்று அரை மணி நேரம் பேசினேன். அப்போதிருந்த உதவி ஆசிரியர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “மார்ச் 22 அன்று, மக்கள் ஊரடங்கு என்று பேர் வைத்த நாளிலேயே, சாயங்காலம் அஞ்சு மணிக்குத் தட்டை எடுத்துத் தட்டினார்களே, அதுவா சார் அடங்கின ஊர்?” என்றார். பதில் இல்லை. தோற்றதை ஒப்புக்கொள்ள இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. அவர் வேறு பத்திரிகைக்குப் போய்விட்டார். அங்கே இதைப் படிப்பார்.

தமிழ்நாட்டு அரசியலில் முடக்கம் என்றால் இரட்டை இலைதான். எம்.ஜி.ஆர். மறைந்தபின் கட்சி இரண்டாக, தேர்தல் ஆணையம் சின்னத்தை முடக்கியது. 1989 தேர்தலில் ஜெயலலிதா அணி சேவலிலும், ஜானகி அணி இரட்டைப் புறாவிலும் நின்றன. சேவல் கூவியது. புறா பறந்தே போய்விட்டது. அப்புறம் 2017 மார்ச்சில், ஆர்.கே.நகர் இடைத்தேர்தலுக்கு முன்னால் மறுபடியும் முடக்கினார்கள். விடுபட நவம்பர் ஆயிற்று. அந்த இலை எட்டு மாதம் பேசாமல் கிடந்தது. நீங்கள் மூன்று நாளுக்கே கேள்வி அனுப்புகிறீர்கள்.

சின்னம் முடங்கியது இருக்கட்டும். என்னை முடக்கியது சின்னம்மை. பதினோரு வயது. முழு ஆண்டுப் பரீட்சைக்கு முந்தின வாரம் என்பதால் முதல் நாள் பரம சந்தோஷம். வாசல் நிலையில் வேப்பிலையைச் செருகியதும் தெருவே எங்கள் வீட்டை விட்டு ஒதுங்கிப் போனது. பாயில் வேப்பிலை, தலைமாட்டில் வேப்பிலை. அரித்தால் சொறியக் கூடாது. வேப்பிலைக் கொத்தால் மெல்ல வருட வேண்டும். வருட வருட அரிப்பு ஏறும் என்பது வருடச் சொன்னவர்களுக்குத் தெரியாது. வீட்டில் தாளிப்பு கிடையாது. கடுகு வெடிக்காத குழம்பைப் பத்து நாள் சாப்பிட்டுவிட்டு, ஒரு நாள் பக்கத்து வீட்டில் ‘சொய்ங்’ என்று சத்தம் கேட்டபோது எனக்கு அழுகையே வந்தது. நோய் என்று சொல்லக் கூடாது. “அம்மா வந்திருக்கா” என்றுதான் சொல்ல வேண்டும். “அம்மா எப்போ போவா?” என்று கேட்டேன். என்னைப் பெற்ற அம்மா ஓடிவந்து வாயைப் பொத்தினாள்.

வெளியுலகம் எனக்கு ஜன்னல் வழியாகத்தான் வந்தது. எதிர்வீட்டு நண்பன் கணக்கு நோட்டுத் தாளைக் கிழித்து, சுருட்டி, கம்பிக்கு நடுவே எறிவான். தெரு கிரிக்கெட்டில் யார் எத்தனை ரன் என்பது பெரும்பாலும் அதில் இருக்கும். ஒரு தாளில், என் மட்டையைத் தான் எடுத்து ஆடுவதாகத் தெரிவித்துவிட்டு, கீழே, ‘நீ செத்துட்டா நானே வெச்சுக்கட்டுமா?’ என்று கேட்டிருந்தான். அவ்வளவு நேராக எனக்கு யாரும் அதற்குப்பின் கடிதம் எழுதியதில்லை. தலைக்குத் தண்ணீர் விட்டு வெளியே வந்ததும் முதல் வேலையாக மட்டையைப் பிடுங்கினேன்.

அப்படிச் சுருட்டி அனுப்பும் ஓலைக்குத் தமிழில் பழைய பெயர் முடங்கல். சிலப்பதிகாரத்தில் மாதவி கோவலனுக்கு இரண்டு அனுப்பினாள். முதலாவது தாழை மடலில், செம்பஞ்சுக் குழம்பில் பித்திகை மொட்டைத் தோய்த்து எழுதியது. அதைக் கோவலன் வாங்கவே மாட்டேன் என்றான். இரண்டாவதைக் கௌசிகன் என்ற அந்தணன் தேடிக்கொண்டு வந்து, மதுரையை நெருங்கும் வழியில் கொடுத்தான். மண் முத்திரை வைத்த முடங்கல். அந்த மண்ணில் அவள் கூந்தலின் நெய் வாசம் இருந்ததாம். உடைக்க மனம் வராமல் கோவலன் கொஞ்ச நேரம் நிற்கிறான். பிறகு படிக்கிறான், இளகுகிறான், தவறு தன்னுடையதுதான் என்கிறான். அப்புறம் ஒரு பதில் எழுத வேண்டாமா? இந்த வாசகம் என் அப்பா அம்மாவுக்கும் பொருந்துகிறது, கொண்டுபோய் அவர்களிடம் காட்டு என்று அதே ஓலையைக் கௌசிகன் கையில் திருப்பிக் கொடுத்துவிடுகிறான்! வந்ததை அப்படியே அடுத்தவருக்குத் தள்ளிவிடும் பழக்கம் வாட்ஸ்அப் வந்தபின் பிறந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

உங்கள் கேள்வி மின்னஞ்சலில் வந்தது. முகர்ந்து பார்க்க ஒன்றுமில்லை. அடியில் ‘என் ஐபோனிலிருந்து அனுப்பப்பட்டது’ என்று ஒரு வரி. ஒரு காலத்தில் இந்தப் பக்கத்துக்கு அஞ்சலட்டைகள் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுக்கட்டாக வரும். விலாசம் எழுத வேண்டிய பாதியிலும் கேள்வியை நுழைத்துவிட்டு, எங்கள் முகவரியை மூலையில் எறும்பு வரிசை மாதிரி எழுதுவார்கள். தபால்காரர் அதையும் கண்டுபிடித்துக் கொண்டுவருவார். சிலவற்றில் காபி டம்ளர் வட்டம் இருக்கும். ஒன்றில் குழந்தையின் கை அச்சு, மஞ்சளில். இப்போது வாரத்துக்கு நாலைந்து வந்தால் அதிகம், அதில் ஒன்று கும்பகோணம். அதனால் அவர் மேல் எனக்குக் கோபம் கிடையாது என்பதையும் இங்கேயே பதிவு செய்துவிடுகிறேன்.

பொழுது போக வழி கேட்டீர்களே, ஒரு முடங்கல் எழுதுங்கள், காகிதத்தில். அந்தப் பனி வண்டியைப் பற்றி எழுதுங்கள். ஓட்டுகிறவர் உங்கள் வாசலுக்கு வந்ததும் சிரிப்பாரா, வேறு பக்கம் பார்த்துக்கொள்வாரா? எனக்கு அது தெரிய வேண்டும்.

காய்ச்சல் விட்டு வாய்க்கு ருசி வந்ததும், உங்கள் ஊர்த் தமிழ்க் கடையில் முடக்கத்தான் கீரை கிடைக்கிறதா என்று பாருங்கள். முடக்கை அறுப்பதால் முடக்கறுத்தான். வாயில் தேய்ந்து முடக்கத்தான். மூட்டுவலிக்கு நல்லது என்று பாட்டிமார் சொல்வார்கள். நான் சொல்வது தோசைக்காக. பச்சையாகவே அரைத்து மாவில் கலந்து, லேசான கசப்போடு, ஓரம் முறுகச் சுட வேண்டும். வேலியில் படரும் அந்தக் கொடியின் காய் காற்றடைத்த சின்னப் பை மாதிரி இருக்கும்; நெற்றியில் அடித்தால் ‘பட்’டென்று வெடிக்கும். உள்ளே கறுப்பு விதை, அதன் மேல் வெள்ளையாக ஒரு இதயம், யாரோ பிரஷ்ஷால் வரைந்த மாதிரி.

கும்பகோணத்தாருக்கு: முடக்கத்தான் சரியா, முடக்கறுத்தான் சரியா என்று கேட்டு அட்டை போட வேண்டாம். வேறு எதைப் பற்றி வேண்டுமானாலும் போடுங்கள்.